பச்சைச் சால்வையும் மூன்று கூட்டணியும்

வெளிநாடு போகிறவர்கள் முதலில் குளிருக்கு மேல்சட்டை வாங்குவார்கள். நான் மதுரைச் சிம்மக்கல்லுக்குப் போய்ச் சால்வை வாங்கினேன். போவது ஒரு பாராளுமன்ற உறுப்பினரைப் பார்க்க. எங்கள் ஊரில் வார்டு கவுன்சிலரைப் பார்க்கப் போனாலே கையில் ஒரு சால்வையும் ஒரு எலுமிச்சம்பழமும் இருக்க வேண்டும். அவ்வளவு தூரம் பறந்துபோய் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினர் முன்னால் வெறுங்கையோடு நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிறம்தான் பிரச்சினை. சிவப்பு எடுத்தால் ஒரு கட்சி, நீலம் ஒரு கட்சி, மஞ்சள் ஒரு கட்சி, காவி சொல்லவே வேண்டாம். வெள்ளையை இழவு வீட்டுக்குத்தான் கொண்டுபோக முடியும். நான் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வர, கடைக்காரர் பொறுமை இழந்துவிட்டார்.

“யாருக்குண்ணே இது?”

“வெளிநாட்டு எம்.பி. ஒருத்தருக்கு. விவசாயி. இருபது முப்பது மாடு வச்சிருக்காராம்.”

“அப்பப் பச்சைய எடுங்க. விவசாயிங்க தோள்ல போடுறது பச்சைத் துண்டுதான? நம்ம அழகரே பச்சைப் பட்டு கட்டி ஆத்துல எறங்குனா அந்த வருசம் செழிப்புங்குறோம். பச்சையப் பாத்து எவன் கோவிச்சுக்கப் போறான்?”

இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை என்று ஜரிகை வைத்த பச்சைச் சால்வை ஒன்றை எடுத்துக்கொண்டேன். அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. மதுரைக்கு அவர் சொன்னது சரி.

எதற்காகப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். மதுரையை ஒட்டிக் கப்பலூரில் எனக்கு ஒரு சின்ன ரப்பர் தொழிற்சாலை இருக்கிறது. மாட்டுத் தொழுவத்தில் விரிக்கும் கனமான ரப்பர் விரிப்பு செய்கிறோம். நம் ஊர் மாடு மண்ணில் படுத்துக்கொள்ளும். ஐரோப்பிய மாட்டுக்கு மெத்தை வேண்டும். நாற்பது பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் சுற்றுப்பட்டி ஊர்ப் பெண்கள். உற்பத்தியில் பாதிக்கு மேல் அந்த மாடுகளுக்குத்தான் போகிறது.

அங்கே ஒரு விதி வரவிருந்தது. ரப்பர் எந்தத் தோட்டத்தில் விளைந்தது, அது காட்டை அழித்துப் போட்ட தோட்டமா என்பதை வரைபடப் புள்ளியோடு காட்ட வேண்டும். விதி நல்ல விதிதான். காட்டை வெட்டாதே என்பதில் எனக்கென்ன சண்டை? ஆனால் என் ரப்பர் குமரி மாவட்டத்தில் ஆளுக்குக் கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவர்களிடமிருந்து வருகிறது. வியாபாரி வாங்கி ஒன்றாக அடுக்கிய பிறகு எந்த ரப்பர் ஷீட் எந்த மரத்துப் பால் என்று கடவுளுக்கே தெரியாது. தோட்டங்களைப் பதிவு செய்ய ஆரம்பித்துவிட்டோம், இன்னும் ஒரு வருடம் வேண்டும். அந்த ஒரு வருடத்தைக் கொடுக்கும் திருத்தம் ஒன்று பாராளுமன்றத்தில் ஓட்டுக்கு வந்தது. தோற்றால் புத்தாண்டிலிருந்து அங்கே ஒரு விரிப்பு போகாது. பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் விரிப்பை அங்கே வாங்கி விற்கும் வியாபாரி, தன் வாடிக்கையாளரான ஒரு எம்.பி.யிடம் நேரம் வாங்கிக்கொடுத்து, “நீயே வந்து பேசு” என்றார்.

அந்தப் பாராளுமன்றம் கூடுவது பிரான்ஸ் எல்லையில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில். அங்கே என்னை வரவேற்றவன் காஜா. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் அத்தா சிம்மக்கல்லில் எலுமிச்சை மண்டி வைத்திருந்தார். காஜா இங்கே வந்து ஒரு ஓட்டல் சமையற்கட்டில் பாத்திரம் கழுவ ஆரம்பித்து, இப்போது தலைமைச் சமையல்காரன். பிரெஞ்சும் ஜெர்மனும் சரளமாகப் பேசுகிறான். குடியுரிமையும் வாங்கிப் பல வருடம் ஆகிவிட்டது. எனக்கு மொழிபெயர்க்க விடுப்பு போட்டிருந்தான்.

“வா மாப்ள. எம்புட்டு வருசமாச்சுடா! தொப்பைய மட்டும் வெளிநாட்டு அளவுக்கு வளத்துருக்க” என்று ரயிலடியில் கட்டிப்பிடித்தான். அவன் மனைவி நூர்ஜஹான் மட்டன் சுக்கா செய்து வைத்திருந்தார். கூடவே காஜா அந்த ஊர்ப் பலகாரம் ஒன்றும் போட்டான். அப்பளம்போல மெல்லிசாகத் தேய்த்த மாவின் மேல் பாலேடு தடவி, வெங்காயம் தூவி, அடுப்பில் சுட்டது. ஓட்டலில் பன்றிக்கறித் துண்டும் போடுவார்களாம். வீட்டில் அதற்குப் பதில் பச்சை மிளகாய். நான் நான்கு தின்றேன். ஐந்தாவதற்குக் கை நீட்டியபோது நூர்ஜஹான், “அண்ணே, சோறும் இருக்கு” என்று நினைவுபடுத்தினார்.

மறுநாள் மட்டும் காஜாவுக்கு ஓட்டலில் அரை நாள் வேலை இருந்தது. பாராளுமன்றம் எங்கே இருக்கிறது என்று ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, நான் தனியாக டிராமில் ஏறினேன். டிராம் நம் டவுன் பஸ்ஸைப் போல் உலுக்காது. அதுதான் வினையாகிவிட்டது. உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன், அதுவும் எதிர்த்திசையில் போகும் டிராமில். சிம்மக்கல்லில் பஸ் ஏறித் தூங்கினால் வைகைப் பாலம் தாண்டிக் கோரிப்பாளையத்தில் விழித்துக்கொள்வேன். இங்கே கண் விழித்தபோது டிராம் ஒரு பெரிய ஆற்றைத் தாண்டிக்கொண்டிருந்தது. ரைன் நதி. அக்கரையில் ஜெர்மனி. பாஸ்போர்ட் காஜா வீட்டு மேசை மேல்.

முதல் நிறுத்தத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். பெட்டி நிறைய ஆள் இருந்தும் நேராக என்னிடம்தான் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், மரியாதையாகவே இறக்கிவிட்டார்கள். கப்பலூர் சிறுதொழில் சங்கத்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, தமிழ் எழுத்து அழகாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நிறுத்தத்துப் பெஞ்சில் என் பக்கத்தில் தள்ளுவண்டிப் பையோடு ஒரு பிரெஞ்சு அம்மாள். பற்பசையும் சோப்பும் ஜெர்மனியில் மலிவு என்று வாரம் ஒருமுறை வருவாராம். அவர் பையையும் திறந்து பார்த்திருக்கிறார்கள். அரைகுறை ஆங்கிலத்தில் என்னிடம் பொருமினார்: “முன்பெல்லாம் இந்தப் பாலத்தில் யாரும் நிறுத்த மாட்டார்கள். இப்போது பற்பசைக்குக்கூட போலீஸ்!”

யார் கொண்டுவந்தது இந்தச் சோதனையை என்று கேட்டேன்.

“எல்லையில் சோதனை வேண்டும் என்கிற கட்சிக்குத்தான் நான் ஓட்டு போடுகிறேன்” என்றார் கூச்சமே இல்லாமல். “ஆனால் நான் கேட்டது மற்றவர்களுக்கு. எனக்கு இல்லை.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன்.

போனில் சொன்னதும் காஜா பாஸ்போர்ட்டோடு மூச்சிரைக்க வந்தான். போலீஸ்காரர் என் பாஸ்போர்ட்டை ஒரு புரட்டில் முடித்துவிட்டு, காஜாவின் அட்டையைக் கேட்டார். அதை மட்டும் வெகுநேரம் பார்த்தார், வானொலியில் யாரிடமோ வாசித்தும் காட்டினார். நான் விருந்தாளி, அவன் குடிமகன். தாமதம் ஆனது அவனுக்கு.

“என்னடா இது?”

“கொஞ்ச நாளா இப்பிடித்தான் மாப்ள. வுடு. பசிக்குதா?” என்று உப்புத் தூவிய முறுக்கு ரொட்டி வாங்கிக்கொடுத்தான்.

மூன்றாம் நாள்தான் எம்.பி.யைப் பார்க்கும் நாள். வெளிநாட்டுப் பழத்தை விமான நிலையத்தில் விட மாட்டார்கள் என்பதால், எலுமிச்சையை அங்கேயே ஒரு துருக்கிக்காரர் கடையில் வாங்கினோம். மண்டிக்காரர் மகன் அல்லவா, காஜா கூடையையே கலைத்துப் போட்டு ஒவ்வொன்றாக அமுக்கி, தோல் மெல்லிசாக ஒரு பழத்தைப் பொறுக்கினான். பாராளுமன்ற வாசலில் சோதனை எந்திரத்துக்குள் அது தனியாக ஒரு தட்டில் உருண்டு போனது. காவலர் எடுத்து மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

உள்ளே எங்களை அழைத்துப்போனவள் லீனா, எம்.பி.யின் உதவியாளர். சின்னப் பெண், நல்ல ஆங்கிலம். நடக்கும்போதே அங்குள்ள கூட்டணிக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தாள். அங்கே நாடு வாரியாக உட்கார மாட்டார்கள். கருத்து ஒத்தவர்கள் குழுவாக உட்காருவார்கள். ஒரு குழுவுக்குக் குறைந்தது ஏழு நாட்டு ஆட்கள் வேண்டும். அப்போதுதான் அறை, பணியாளர், பேச நேரம் எல்லாம்.

“உங்கள் எம்.பி.யின் கட்சிக் கொள்கை என்ன?” என்று கேட்டேன்.

“எங்கள் நாட்டு விஷயத்தில் வேறு எந்த நாடும் தலையிடக் கூடாது.”

“அதைச் சொல்ல இன்னும் ஆறு நாடு வேண்டுமா?”

லீனா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “ஆமாம்” என்றாள்.

இந்த ‘எங்கள் நாடு எங்களுக்கே’ கட்சிகள் எல்லாம் ஒரே குழுவாகச் சேர்ந்தால் பாராளுமன்றத்தையே ஆட்டிவைக்கலாம். ஆனால் அவர்கள் மூன்று குழுவாக இருக்கிறார்கள். கிழக்கே இருக்கும் பெரிய நாட்டோடு நட்பு வேண்டும் என்கிற கட்சியும், அந்த நாட்டை நினைத்தாலே தூக்கம் வராத கட்சியும் ஒரே வரிசையில் உட்காராது. ‘நாங்கள் நாகரிகமானவர்கள், அவர்கள் பழைய சர்வாதிகாரி வாரிசுகள்’ என்று ஒரு குழு இன்னொன்றைச் சொல்கிறது. எல்லோருக்கும் எதிரி ஒன்றே. ஆனால் பக்கத்துவீட்டுக்காரனைப் பிடிக்காது. ஒரே தலைவர் படத்தைப் போட்டு ஐந்து கட்சி நடக்கும் ஊரிலிருந்து வந்தவனுக்கு இதைப் புரிந்துகொள்ள ரொம்ப நேரம் ஆகவில்லை. பெரியவன் யார், சின்னவன் யார், மேடையில் நடு நாற்காலி யாருக்கு. மீதியெல்லாம் கொள்கை விளக்கம்.

தாழ்வாரத்தில் அந்த மூன்று குழுவுக்கும் சேர்த்து ஒரு மதிய விருந்து நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாட்டுக்காரரும் அவரவர் நாட்டுக் கொடி குத்தி அவரவர் பண்டம் வைத்திருந்தார்கள். பாலாடைக்கட்டி, தொத்திறைச்சி, பிளம்ஸ் பழத்தில் இறக்கிய சாராயம். சாராயப் புட்டி மூன்று மேசையில் இருந்தது. அங்கே இரண்டு பேர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேசியது எங்களுக்குப் புரியவில்லை. பதில் சொன்னவர் ஜெர்மனில் கத்தியதால் காஜா காதைக் கொடுத்துக் கேட்டான்.

“என்னடா சொல்றாய்ங்க?”

“இத மொதல்ல காச்சுனது எங்க ஊருதான், ஒங்க தாத்தன் எங்க தாத்தன்கிட்ட கத்துக்கிட்டதுங்குறான். மூணாவது மேசைக்காரன் ரெண்டு பேரையும் மொறைக்கிறான் பாரு.”

இந்த விருந்து ஒற்றுமைக்காக ஏற்பாடு செய்தது என்று லீனா பெருமூச்சு விட்டாள். நான் எதற்கு வம்பு என்று மூன்று மேசையிலும் பாலாடைக்கட்டியை மட்டும் சமமாகச் சாப்பிட்டேன்.

எம்.பி.யின் பெயர் என் வாயில் நுழையவில்லை. மாட்டுக்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆல்ப்ஸ் மலையடிவார ஊர்க்காரர். சிவந்த கன்னம், கைகுலுக்கினால் நம் கை காணாமல் போய்விடும் அளவுக்குப் பெரிய கை. ஆங்கிலம் தெரியும், ஆனால் கொள்கைக்காக ஜெர்மனில்தான் பேசுவாராம். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. சுவரில் அவருடைய நாட்டின் பழைய வரைபடம் ஒன்று. அதில் பக்கத்து நாட்டு மலை ஒன்று இவர்களுடையதாக இருந்தது. போன மாதம் அந்தப் பக்கத்து நாட்டுத் தோழமைக் கட்சிக்காரர் வந்து அதைப் பார்த்துவிட்டு, காபி குடிக்காமல் எழுந்து போய்விட்டாராம்.

எம்.பி. கைபேசியை எடுத்துத் தன் மாடுகளைக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் பெயர். என் விரிப்பின் மேல் ஒரு பழுப்புப் பசு கண்ணை மூடி அசை போட்டுக்கொண்டிருந்தது. விரிப்பின் ஓரத்தில் நாங்கள் அச்சு வார்க்கும் சின்ன மீன் முத்திரை. கப்பலூரில் எங்கள் மேற்பார்வையாளர் முத்துலட்சுமி தன் கையால் பிசிறு மழித்த ஓரம் அது.

“உங்கள் குடும்பத்துக்கு எத்தனை ஏக்கர்?” என்று கேட்டார்.

“ஒன்றும் இல்லை. அழகர்கோவில் பக்கம் என் அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்” என்றேன். காஜா மொழிபெயர்த்தான். அவர் எழுந்து வந்து இன்னொரு முறை கைகுலுக்கினார். அது நடிப்பில்லை.

பிறகு விஷயத்துக்கு வந்தார். ஒரு வருடத் தள்ளிவைப்பு அவருக்கும் சம்மதம்தான். சிக்கல் என்னவென்றால், அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தது பக்கத்துக் குழு. “நாங்கள் கை தூக்கினால், விவசாயிகளைக் காப்பாற்றியது நாங்களே என்று அவர்கள் ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டுவார்கள்” என்றார். இவர்கள் குழு ஓட்டெடுப்பில் ஒதுங்கிக்கொள்வதா என்று அன்று மாலைதான் முடிவாகும். இவர் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு.

என் ஆட்களில் பாதிப் பேரின் வேலை ஒரு போஸ்டர் சண்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. இனி தாமதிக்கக் கூடாது என்று எழுந்தேன். பையிலிருந்து சால்வையை எடுத்து உதறி, எங்கள் சங்கத்துத் தலைவர் போர்த்துகிற மாதிரியே தோளோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றிப் போர்த்தி, கையில் எலுமிச்சையை வைத்து, கேமராவுக்காகத் திரும்பி நின்றேன்.

யாரும் படம் எடுக்கவில்லை. லீனா பாய்ந்து போய்க் கதவைச் சாத்தினாள். மாட்டுக்காரர் கன்னத்துச் சிவப்பு முகம் முழுக்கப் பரவிவிட்டது. தோளில் பல்லி விழுந்த மாதிரி சால்வையை இரண்டு விரலால் எடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“மாப்ள, கெடுத்தியேடா!” என்றான் காஜா மெதுவாக. “இங்க பச்சைன்னா வேற கட்சிடா. இந்த வெதியக் கொண்டாந்ததே அவய்ங்கதான். இவரு பத்து வருசமா மேடைக்கு மேடை திட்டுறது அவய்ங்களத்தான்.”

“நீ முன்னாடியே சொல்ல வேண்டாமாடா?”

“மடிச்சுப் பேப்பர்ல சுத்தி வச்சிருந்த. எனக்கெப்பிடித் தெரியும் கலரு?”

யார் உங்களை அனுப்பியது என்று எம்.பி. கேட்டார். குரலில் மாட்டுப் பேச்சின் நயம் போயிருந்தது. கப்பலூர் வாசலில் எங்கள் பெண்கள் கஞ்சிவாளியோடு நிற்பது மாதிரி எனக்கு ஒரு தோற்றம். காஜாதான் பேசினான். எங்கள் நாட்டில் விவசாயிகளின் தோளில் பச்சைத் துண்டு கிடக்கும், அவர்கள் சாலையில் உட்கார்ந்தால் அரசாங்கமே இறங்கிவரும், எங்கள் ஊர்ச் சாமி பச்சை உடுத்தி ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஊரே திரளும், இந்த ஆள் கட்சி பார்த்துக் கொண்டுவரவில்லை, கௌரவிக்கக் கொண்டுவந்தான் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னான். ஒரு முஸ்லிம் பையன் அழகர் பெருமையை ஜெர்மன் மொழியில் விளக்குவதைக் கேட்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

மாட்டுக்காரர் மெல்ல இறங்கிவந்தார். சால்வையை மடித்து மேசையில் வைத்தார். எலுமிச்சையை மட்டும் வைத்துக்கொண்டார். பிறகு காஜாவைப் பார்த்தபடி நீளமாக ஒன்று சொல்லி, என் பக்கம் கைகாட்டினார். இவருக்கு மொழிபெயர் என்று அர்த்தம்.

லீனா தரையைப் பார்த்தாள்.

“ஒன் ரப்பர் மேட்டு ரொம்ப நல்லாருக்காம் மாப்ள” என்றான் காஜா. “மாடு நல்லாப் படுத்து அசை போடுதாம். குழுவுல பேசுறேங்குறாரு. கும்புடு போட்டுட்டு வா, போவோம்.”

அவ்வளவு நீளமான பேச்சுக்கு இவ்வளவு சின்ன மொழிபெயர்ப்பா என்று தோன்றாமல் இல்லை. ஜெர்மன் மொழியே அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். சால்வையைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி, வாயெல்லாம் பல்லாகக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் ஓட்டெடுப்பு. பார்வையாளர் மாடத்தில் நானும் காஜாவும். காதுக்கருவியில் அவர்கள் மொழிகள் இருபது சொச்சம் ஓடின. நான் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே போகும் முன் கப்பலூரிலிருந்து முத்துலட்சுமி அழைத்தாள்.

“அண்ணே, கை தூக்கிட்டாய்ங்களா?”

“இன்னும் இல்லம்மா. மத்தியானம்தான்.”

“இங்க ஒருத்தியும் வேலை பாக்கலண்ணே. எல்லாம் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்காளுக.”

அவைத் தலைவர் தீர்மான எண்களைப் படபடவென்று வாசித்துக்கொண்டே போனார். நம் ஏலக்கடை தோற்றுவிடும். எங்கள் எண் வந்தது. பக்கத்துக் குழுவின் கைகள் முதலில் எழுந்தன. கடைசி வரிசைக் குழு கொஞ்சம் யோசித்து எழுந்தது. மாட்டுக்காரர் குழுவில் யாரும் அசையவில்லை. பிறகு அந்தப் பெரிய கை எழுந்தது, அதைப் பார்த்துவிட்டு அந்த வரிசை முழுக்க எழுந்தது. ஒரே சாராயத்துக்குச் சண்டை போட்ட மூன்று குழுவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பலகையில் முடிவு வந்தது. திருத்தம் நிறைவேறிவிட்டது.

நான் கைதட்டிவிட்டேன். ஊழியர் ஓடிவந்து உஷ் என்றார். காஜா என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தான். “ஜெயிச்சுட்டடா மாப்ள!” அவன் கண் கலங்கியிருந்தது. என் சந்தோஷத்துக்கு என்னைவிட அவன்தான் அழுதான்.

நாங்கள் எழுவதற்குள் அடுத்த எண் வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களைத் திருப்பி அனுப்புவதை எளிதாக்கும் தீர்மானம் என்றது என் காதுக்கருவி. இந்த முறை யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அதே மூன்று குழு, அதே கைகள், ஒரே நேரத்தில் எழுந்தன. பெரிய கையும்தான். அதுவும் நிறைவேறியது. காஜா காதுக்கருவியைக் கழற்றி, கம்பியை ஒழுங்காகச் சுற்றி, கொக்கியில் மாட்டினான்.

வாசலில் லீனா வந்து வாழ்த்துச் சொன்னாள். காஜா ஒப்படைத்திருந்த மேல்சட்டையைத் திரும்ப வாங்கப் போயிருந்தான்.

“உங்கள் நண்பரை என்னால் மறக்க முடியாது” என்றாள். “நேற்று அதைக் கேட்டுக்கொண்டும் எவ்வளவு அமைதியாக மொழிபெயர்த்தார்!”

“எதைக் கேட்டுக்கொண்டு?”

எனக்கு எதுவும் தெரியாது என்று லீனாவுக்குப் புரிந்துவிட்டது. தயங்கினாள். பிறகு சொன்னாள். மாட்டுக்காரர் சொன்னது இதுதான்: ‘நீங்கள் வந்தீர்கள், வியாபாரம் பேசினீர்கள், ஊருக்குத் திரும்பிப் போகிறீர்கள். அதுதான் முறை. உங்களை மதிக்கிறேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, வந்துவிட்டுப் போகாமல் இருக்கிற இவரைப் போன்றவர்கள்தான் எங்களுக்குப் பிரச்சினை. இதை அவருக்கு அப்படியே சொல்லுங்கள்.’

இதற்குத்தான் நான் பல்லைக் காட்டிக் கும்பிட்டிருக்கிறேன். உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மனிதரை முழுசாக வெறுக்கவும் எனக்கு வரவில்லை. என் அப்பாவைப் பற்றிக் கேட்டு எழுந்துவந்து கைகுலுக்கியவரும் அவர்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

டிராம் நிறுத்தத்தில் காஜாவைக் கேட்டேன். “அந்தாளு நேத்து என்னடா சொன்னாரு?”

“மேட்டு நல்லாருக்குன்னாரு.”

“லீனா சொல்லிருச்சுடா.”

“அத அப்பவே ஒனக்குச் சொல்லியிருந்தா நீ சும்மா வந்திருப்பியா? மேசையத் தூக்கியிருப்ப. நீ கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிருவ. கப்பலூர்ல வேல போறது ஒனக்கா?” என்றான். “எனக்கு இது புதுசா மாப்ள? வாரத்துக்கு ஒருத்தன் சொல்லத்தான் செய்றான். நா இங்கதான இருக்கேன்.”

பையிலிருந்து அந்தப் பச்சைச் சால்வையை எடுத்தேன். நடுத்தெருவில், டிராமுக்கு நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் உதறி, அவன் தோளில் சுற்றிப் போர்த்தினேன்.

“ஏய் லூசு, எல்லாரும் பாக்குறாய்ங்கடா!”

“பாக்கட்டும். நேரா நில்லு.”

பற்பசைப் பையோடு நின்ற ஒரு அம்மாளிடம் கைபேசியைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னேன். முந்தாநாள் பார்த்தவர் இல்லை. அதே மாதிரி இன்னொருவர். அழகாகவே எடுத்திருந்தார். காஜா வெட்கப்பட்டுச் சிரிப்பதும், ஜரிகை வெயிலில் மின்னுவதும் தெளிவாக விழுந்திருந்தது. எலுமிச்சைதான் இல்லை.

அன்று சாயங்காலம் முத்துலட்சுமி மறுபடி அழைத்தாள். பின்னால் குலவைச் சத்தம் கேட்டது. “அண்ணே, நமக்கு இத முடிச்சுக் குடுத்தாரே, அவரு போட்டோ ஒண்ணு அனுப்புங்க. பொம்பளைங்க எல்லாம் சேந்து கேட்டுல ஃபிளெக்ஸ் வைக்கிறோம்.”

அவள் கேட்டது எம்.பி.யின் படம். என்னிடம் அதுவும் இருந்தது, லீனா அனுப்பிவைத்தது, பசுவோடு. நான் அதை அனுப்பவில்லை.

நான் ஊர் வந்து சேர்ந்தபோது கப்பலூரில் எங்கள் வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ் நின்றது. பச்சைச் சால்வை, வெட்கச் சிரிப்பு, பின்னால் ஒரு டிராம். மேலே பெரிய எழுத்தில் ‘நன்றி! நன்றி! நன்றி!’, கீழே வேலை செய்கிறவர்கள் எல்லோருடைய பெயரும். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். படத்தைக் காஜாவுக்கு அனுப்பினேன். நூர்ஜஹான் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொன்னான். அவன் சிரித்தானா என்று சொல்லவில்லை.

போன வாரம் எங்கள் சங்கத் தலைவர் காரை நிறுத்தி இறங்கினார். தேர்தல் நெருங்குகிற நேரம், அவருக்கு எந்த ஃபிளெக்ஸைக் கண்டாலும் கூட்டணி ஞாபகம்தான். சால்வையின் நிறத்தை உற்றுப் பார்த்தார். எந்தக் கூட்டணி என்று பிடிபடவில்லை போலிருக்கிறது.

“யாரும்மா இவரு? எந்தக் கட்சி?”

கேட்டுக்குள்ளே விரிப்பின் ஓரத்தை மழித்துக்கொண்டிருந்த முத்துலட்சுமி தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

“நம்ம ஆளுண்ணே.”